கையில் இருந்த மிளகு

ஒரு விடுகதை போடுவதற்கு முன்னால் ஸமத் நானா சட்டைப் பைக்குள் கைவிட்டு ஒரு மிளகை எடுப்பார். எடுத்தவுடன் பேசமாட்டார். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து, தோல் தளர்ந்து விரல் நுனியில் கறுப்பாக ஒட்டும்வரை உருட்டுவார். பிறகு மூக்கருகே கொண்டுபோய் மணப்பார். அதன் பிறகு காதருகே பிடித்துத் தலையைச் சாய்ப்பார். மிளகு ஏதோ சொல்வதுபோலவும் அதை அவர் ஒத்துக்கொள்வதுபோலவும் ஒரு தலையாட்டல். அதற்கப்புறம்தான் வாய் திறக்கும்.

விடையைச் சொன்னவரின் நெஞ்சைக் குறிபார்த்து அந்த மிளகைச் சுண்டுவார். ஒருவருக்கும் விடை தெரியாமலே பள்ளிவாசலில் மாலை மஃரிபு பாங்கு சொல்லிவிட்டால், அங்கே இருக்கிறவர்கள் ஆளுக்கொரு மிளகைக் கடித்துத் தின்ன வேண்டும். தின்ற பிறகுதான் விடை. கடிக்க மாட்டேன் என்கிறவர் காதைப் பொத்திக்கொண்டு எழும்பிப் போக வேண்டும். போனில் வந்த விடுகதை எடுபடாது. இவைதான் சட்டம். யார் போட்ட சட்டம் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் மிளகு தின்றவர்களுக்கு விடை சொல்லாமல் எழும்பிப்போன கதை ஒரே ஒரு தடவைதான் நடந்தது. எழும்பிப் போனவர் ஸமத் நானா.

பல்லேபொலச் சந்தியைத் தாண்டி வீதி வளைகிற இடத்தில் அவருடைய சரக்குக் கடை. பின்னால் வீடு. வீட்டுத் தோட்டங்களிலிருந்து பெண்கள் சிலிசிலிப் பொலித்தீன் பைகளில் கொண்டுவருகிற மிளகு, கராம்பு, சாதிக்காய், வசுவாசி எல்லாவற்றையும் வாங்கி, முற்றத்தில் படங்கு விரித்துக் காயவைத்து, மாத்தளை டவுனுக்கு ஏற்றி அனுப்புவார். சிங்கள வீடுகளில் அவர் ஸமத் முதலாளி. பக்கத்துக் கடை என்னுடையது. போட்டோ கொப்பி, ரீலோட், போன் கவர்.

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் அவருடைய கடை முன்னால் கிடந்த நீள மர வாங்கில் நான்கு பேர் வந்து உட்காருவோம். ஸமத் நானா. த்ரீவீல் ஓடுகிற புஹாரி நானா, எஞ்சின் நின்றாலும் வாய் நிற்காத மனிதர். பிரதேச செயலகத்தில் வேலை செய்கிற ஆறுமுகநாதன் சேர், யாழ்ப்பாணப் பக்கம்; இங்கே தலை நரைத்தும் பேச்சு மாறவில்லை. நான்காவது நான். என் வேலை பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பது.

ஸமத் நானாவின் வாழ்க்கையில் சொல்லிக்கொள்ளும்படி பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. வாப்பா மௌத்தானதும் படிப்பை விட்டுவிட்டு டவுனில் ஒரு சரக்கு ஸ்டோரில் கராம்பில் காம்பு பிரிக்கப் போனார். பஸ்லா என்று ஒரு தங்கை இருந்து, கலியாண வயதில் காய்ச்சலில் போய்விட்டார். சொந்தக் கடை போட்டார். நோனா ராத்தாவைக் கலியாணம் முடித்தார். நெடுநாள் பிள்ளையில்லாமல் இருந்து, பிறகு ஒரே ஒரு மகள், றுஸ்னா. கொழும்பைத் தாண்டி எங்கும் போனதில்லை. கிரிக்கெட் பார்க்கமாட்டார். அரசியல் பேச்சு வந்தால் சாக்கு தைக்கப் போய்விடுவார். அவருக்கென்று இருந்தது இந்த விடுகதைகள் மட்டும்தான். எங்கேயும் கேட்டு வந்தவை அல்ல. பகலில் கைபட்ட சரக்கிலிருந்தும், கடைக்கு வந்த ஆள்களிலிருந்தும் அவரே கட்டுவார்.

"உம்மாக்கு ஒரு வெல. உம்மா உடுத்தீக்கிற செவத்த சீலக்கி அதவிடக் கூட வெல. ஆரு?"

"என்ட பொஞ்சாதியப் பத்தி ஏன் நானா ரோட்டுல பேசுறீங்க?" என்றார் புஹாரி நானா.

ஆறுமுகநாதன் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அப்படித் துடைத்தால் விடை வந்துவிட்டது என்று அர்த்தம். "சாதிக்காய். சுத்தியிருக்கிற சிவத்தச் சீலை வசுவாசி."

மிளகு அவருடைய வெள்ளைச் சட்டைப் பைக்குள்ளேயே போய் விழுந்தது. "இண்டைக்கு ரசத்துக்குக் காணும்" என்றார் சேர். தனியாக ஒரு அறையில் தங்கிச் சமைக்கிற மனிதர். வென்ற மிளகையெல்லாம் உண்மையாகவே ரசத்தில் போடுவார்.

சேர் போடுவது வேறு வகை. "மூண்டு பெட்டி. ஒண்டில மிளகு, ஒண்டில கராம்பு, மற்றதில ரெண்டும் கலந்தது. மேல ஒட்டியிருக்கிற பேர் மூண்டும் பிழை. ஒரு பெட்டிக்குள்ள கையை விட்டு ஒண்டே ஒண்டு எடுத்துப் பாத்திட்டு, எதுக்குள்ள எது எண்டு சொல்ல வேணும்."

"மூக்கு எதுக்கு சேர் ஈக்கி? மணந்து பாத்தா முடிஞ்சி."

"பெட்டி மூடிக் கிடக்கு, புஹாரி."

"எங்கட வீட்டு அலுமாரியும் மூடித்தான் கெடக்கு. உள்ளுக்கு கருவாடு ஈக்கெண்டு ஊருக்கே தெரியும்."

ஸமத் நானா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த மிளகு கீழே உருண்டு போனது. அன்று எல்லோரும் மிளகு தின்றோம். விடையைக் கேட்டும் ஸமத் நானாவுக்கு ஆறவில்லை. அடுத்த நாள் உண்மையாகவே மூன்று பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்து, 'கலந்தது' என்று எழுதின பெட்டிக்குள் கைவிட்டு, ஏன் அதில்தான் தொடங்க வேண்டும் என்று கடைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். சரக்கு விற்க வந்த பெண்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

போன நோன்புக்குப் பிறகு அவருடைய விடுகதைகள் மெலியத் தொடங்கின.

"தண்ணிய உள்ளுக்கு ஊத்துற. கொதிக்கும். மூக்கால வெளிய வரும்" என்றார் ஒருநாள்.

புஹாரி நானா எங்களைப் பார்த்தார். "நானா, இது நேசரிப் புள்ளைக்கிப் போடுற விடுகத. கேத்தல்!"

"கேத்தல்" என்றார் ஸமத் நானா. உதட்டுக்குள் இன்னொரு தரம் சொன்னார், "கேத்தல்." மிளகைச் சுண்டிவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்: "நோனா, அந்தக் கேத்தல அடுப்புல வெய்ங்க. தேத்தண்ணி குடிக்கணும்."

அவருக்கு அப்போதே பெயர்கள் போகத் தொடங்கியிருந்தன. பொருள் தெரியும், அதன் வேலை தெரியும், நிறமும் மணமும் தெரியும். பெயர் மட்டும் இருந்த இடத்தில் இல்லை. தேத்தண்ணீர் குடிக்க வேண்டும். கேத்தல் என்ற சொல் வரவில்லை. ஆகவே அதை விடுகதையாகப் போட்டு எங்களிடமிருந்து வாங்கிக்கொண்டார். வேறு எந்த வாங்கில் உட்கார்ந்திருந்தாலும், என்ன நானா, வாயில பேர் வருதில்லையா என்று அன்றே யாராவது கேட்டிருப்பார்கள். எங்களிடம் அவர் இத்தனை காலமும் பெயரைச் சொல்லாமல் சுற்றிவளைத்துத்தான் பேசிக்கொண்டிருந்தார். அதனால் நாங்கள் நெஞ்சை நிமிர்த்தி மிளகு வாங்கினோம். சுலபமான விடுகதைகளில் புஹாரி நானா தொடர்ந்து வென்றார். தனக்கு மூளை கூடிவிட்டது என்று வீட்டிலும் சொன்னார்.

அந்த மாதங்களில் றுஸ்னாவின் நிக்காஹ் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளை ஷிஃபான், மாத்தளை டவுன்காரர், கத்தாரில் வேலை. லீவு தை மாதம்தான் கிடைக்கும்.

மழை விட்டுவிட்டுப் பெய்த ஒரு பின்னேரம். ஸமத் நானா மிளகை எடுத்தார், உருட்டினார், மணந்தார், காதருகே பிடித்தார். வழமையைவிட நெடுநேரம் பிடித்திருந்தார்.

"பச்சையா வரும். வெயில்ல கெடந்தா கறுக்கும். சுருங்கும். மழ பட்டா பூத்துப் போகும். சின்னது. ஆனா வாய்க்குள்ள போனா பெரிய ஆளையும் அழ வெய்க்கும்."

சட்டென்று சொல்லிவிடலாம் போலிருந்தது. அதனால்தான் நாங்கள் சொல்லவில்லை. விரலுக்கிடையில் மிளகைப் பிடித்துக்கொண்டு மிளகையே விடுகதையாக யாராவது போடுவார்களா?

"கோப்பி" என்றேன் நான்.

"அழ வெய்க்குமா அது?" என்று புஹாரி நானா என்னை மறித்தார். "கொறக்கா. இல்லாட்டி கொச்சிக்கா."

"கொச்சிக்காய் காஞ்சாச் சிவக்கும், கறுக்காது" என்றார் சேர். "ஸமத், இது சரக்கோ, இல்லாட்டி ஆளோ? ஒரு பொம்பிளையைச் சொல்லுறீரோ?"

ஸமத் நானா எங்கள் வாய்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு விடை வரும்போதும் முகம் மலர்ந்து, பிறகு சுருங்கியது. கராம்பு சொன்னோம். ஏலம் சொன்னோம். நெத்தலிக் கருவாடு வரைக்கும் போனோம். பாங்கு சொன்னது.

"சரி, தோத்தோம்" என்று புஹாரி நானா எழும்பி, உள்ளே போய், சாக்கிலிருந்து ஒரு பிடி மிளகை அள்ளி வந்தார். கடித்தோம். புது மிளகு, நெருப்பாக இருந்தது. நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு மூன்று பேரும் விடைக்காக அவரைப் பார்த்தோம்.

ஸமத் நானா கையிலிருந்த மிளகைப் பார்த்தார். எங்கள் நாக்குகளைப் பார்த்தார்.

"விடயச் செல்லுங்க நானா, வாய் பத்துது."

"நாளைக்கி செல்றேன்."

"அதெப்பிடி? இது கள்ள ஆட்டம்!"

"ஒரு விதி எண்டு இருக்கல்லோ?" என்றார் சேர். கண்ணில் நீர் வடிந்துகொண்டிருந்தது. "கடிச்சாச்சு. இனி நீர் சொல்லத்தான் வேணும்."

"தொழுவப் போகணும்" என்று ஸமத் நானா எழும்பினார். தொப்பியை எடுக்காமலே நடந்து போனார்.

அடுத்த நாள் காலையில் ஒரு சிங்களப் பெண் பையோடு கடைக்கு வந்து, "முதலாளி, கம்மிரிஸ் கன்னவத?" என்று கேட்டதும், அவர் தராசை விட்டுவிட்டு அவளருகே வந்ததும், "என்ன, என்ன சென்னீங்க?" என்று சிங்களத்தில் திரும்பத் திரும்பக் கேட்டதும் என் கடையிலிருந்து தெரிந்தது. மிளகு வாங்குவீர்களா என்று கேட்டவளிடம், அந்தச் சொல்லை மூன்று நான்கு தரம் சொல்லவைத்தார். அவள் காது கேட்காத மனிதருக்குச் சொல்வதுபோல உரக்கச் சொன்னாள்.

பின்னேரம் வாங்கில் உட்கார்ந்தவுடனே ஸமத் நானா சொன்னார்: "கம்மிரிஸ்!"

ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு புஹாரி நானா வாங்கை ஓங்கி அறைந்தார். "மொளகு? மொளகுதானா! கையில வெச்சிக்கிட்டே கேட்டீங்களா? நாங்க வாய்க்குள்ள போட்டுக் கடிச்சிக்கிட்டே விட தேடினோமா? யா அல்லாஹ்!"

சேர் கைதட்டினார். நானும். அந்த மனிதர் போட்டதிலேயே பெரிய விடுகதை அதுதான் என்று முடிவாயிற்று. விடையை எங்கள் வாய்க்குள் ஒளித்துவைத்தாராம், விடையைக்கூடச் சிங்களத்தில் சொல்லி விளையாடினாராம். புஹாரி நானா அந்தக் கதையை த்ரீவீலில் ஏறிய எல்லோருக்கும் சொன்னார். பள்ளிவாசலில் சொன்னார். டவுனில் ஒரு கல்யாண வீட்டில் யாரோ அதை ஸமத் நானாவிடமே சொன்னார்கள். அவர் தலையைக் குனிந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை வெட்கம் என்று எடுத்துக்கொண்டோம்.

ஐப்பசியில் ஒருநாள் காலை, நிறுத்துக்கொண்டிருந்தபோதே அவருடைய வலது கை துடிக்கத் தொடங்கியது. தராசுத் தட்டு கீழே விழுந்து கராம்பு முற்றமெல்லாம் சிதறியது. அவரும் விழுந்தார். புஹாரி நானாதான் தூக்கிப் போட்டுக்கொண்டு மாத்தளைக்கு ஓடினார். அங்கிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள். தலையைப் படம் பிடித்தார்கள். இரண்டு நாள் கழித்து ஒரு டொக்டர் கட்டிலருகே உட்கார்ந்து, அட்டையில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிப் பெயர் கேட்டார். நல்ல தமிழ் பேசுகிற டொக்டர் அம்மா. புஹாரி நானா கட்டிலின் தலைமாட்டில் நின்றிருக்கிறார்.

ஒரு சீப்பு. ஸமத் நானா யோசித்தார். "பல்லு நெறய ஈக்கி. கடிக்காது" என்றார்.

டொக்டர் எழுதிக்கொண்டார். அடுத்த படம்.

"மழைக்கி ஒரு கூர. கையோட கொண்டு போற."

"குட!" என்று கத்திவிட்டார் புஹாரி நானா. கத்திவிட்டு நெஞ்சையும் நிமிர்த்தியிருக்கிறார், மிளகு வருமென்று.

"நீங்க சொல்லக் கூடாது" என்றார் டொக்டர். "அவருக்குப் பேர் வருதில்ல. எவ்வளவு காலமா இப்படிப் பேசுறாரு?"

இதை எங்களிடம் சொல்லும்போது புஹாரி நானா த்ரீவீலின் சீட்டில் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். இறங்கவில்லை. "நான் என்ன செல்ற? அது எங்கட வெளயாட்டு டொக்டர் எண்டு சென்னேன். அவ என்னய ஒரு பார்வ பாத்தா" என்றார்.

தலைக்குள், இடது பக்கத்தில் கட்டி. உடனே ஒபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். செய்தால் கொஞ்சநஞ்சம் இருக்கிற பேச்சும் போகக் கூடும் என்றும் சொன்னார்கள். பொறுத்திருந்தால் கட்டி பெருக்கும். ஸமத் நானா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: தை வரைக்கும் தாங்குமா?

தை மாதத்தில் நிக்காஹ். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, மகளின் பெயரைச் சொல்லி, உமக்கு நிக்காஹ் செய்து தந்தேன் என்று வாப்பா சொல்ல வேண்டும். இயலாத வாப்பா வேறொருவரைத் தன் சார்பில் நியமிக்கலாம், அதில் தடையில்லை. அவருடைய தம்பி அன்ஸார் இருந்தார். நோனா ராத்தா அழுதார். மவ்லவி வந்து எடுத்துச் சொன்னார். கத்தாரிலிருந்து ஷிஃபான் போன் எடுத்து, "மாமா, நீங்க முதல்ல ஒபரேஷனச் செய்ங்க, நிக்காஹ் பொறகு பாத்துக்கலாம்" என்றார்.

"எத்தன வருசம் கேட்டுக் கெடச்ச புள்ள" என்றார் ஸமத் நானா. "நான்தான் குடுக்கணும். என்ட வாயால."

அதோடு பேச்சு முடிந்தது. ஒபரேஷன் நிக்காஹுக்குப் பிறகு என்று தள்ளிப்போனது.

மவ்லவி சொல்லித்தர அவர் திருப்பிச் சொன்னால் போதும்தான். ஆனால் காதால் வாங்கிய சொல் வாய்க்கு வரும் வழியில் வேறு சொல்லாகிவிடும். கராம்பு என்று சொல்லச் சொன்னால் கறுவா என்பார். பெயர்களில் இன்னும் மோசம். முதல் நாள் ஒத்திகை பார்த்தபோது, "எனது மகள் பஸ்லாவை" என்றார். தங்கையின் பெயர். வீட்டுக்குள்ளே கதவுக்குப் பின்னால் நின்ற றுஸ்னா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார் என்று பிறகு அறிந்தோம்.

ஆகவே வாங்கில் விளையாட்டு மாறியது. இப்போது நாங்கள் மூன்று பேரும் விடுகதை போடுவோம், ஸமத் நானா விடை சொல்ல வேண்டும். எல்லா விடுகதைக்கும் விடை ஒன்றுதான்.

"ஸ்கூல் வேன் வந்தா ஒளிஞ்சிக்கிற. என்ட வண்டியில ஏத்தினா மட்டும் சிரிக்கிற. வழியெல்லாம் ஹோர்ன் அடிக்கச் செல்லி என்ட பெட்டரியத் தின்ன புள்ள. ஆரு?" இது புஹாரி நானா.

"கணக்குச் சொல்லிக் குடுக்கிற மனிசனுக்கே கணக்குப் பிழையெண்டு காட்டின பிள்ளை ஒண்டு இருக்கு. காட்டிப்போட்டு, மனிசன் கோவிப்பாரோ எண்டு தேத்தண்ணியும் கொண்டுவந்து வைக்கும். ஆர் அது?" இது சேர், றுஸ்னாவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர்.

நான் என் முறை வந்தபோது கொஞ்சம் யோசித்துச் சொன்னேன்: "கடைக்கு வாரத்துக்கு முந்தி வளையல் சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டா ஸமத் நானா சரக்கு நிறுக்கிறத நிப்பாட்டுவாரு."

சில நாள் பெயர் வந்தது. வந்தால் புஹாரி நானா அவருடைய நெஞ்சுக்கு மிளகைச் சுண்டுவார்; அது அவருக்கே வந்து விழுகிற மிளகு என்பதில் ஸமத் நானாவுக்கு ஒரு குழந்தைச் சந்தோஷம். பல நாள் வரவில்லை. வராவிட்டால் சட்டப்படி அவர் மிளகு கடிக்க வேண்டும். வேண்டாமென்று சேர் சொன்னார். அவர் கேட்கவில்லை. கடித்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. மிளகுக்கு வருகிற கண்ணீருக்கும் மற்றதற்கும் பார்க்கிறவனால் வித்தியாசம் காணமுடியாது. அது அவருக்கு வசதியாக இருந்தது என்று நினைக்கிறேன்.

மார்கழி முடிய அவர் வேறு எதற்கும் வாய் திறப்பதைக் குறைத்துவிட்டார். சரக்கு வாங்குவதை அன்ஸார் பார்த்துக்கொண்டார். காலையில் கடைக் கதவைத் திறந்து, படங்கை விரித்து, மிளகுக்கு நடுவில் குந்தியிருந்து உதட்டை அசைத்துக்கொண்டிருப்பார். வந்தவர்கள் இறைவன் பெயரை ஓதி ஸிக்ர் செய்கிறார் என்று நினைத்தார்கள்.

நிக்காஹ் வீட்டிலேயே நடந்தது. முற்றத்தில் மிளகு காய்ந்த இடத்தில் பந்தல். ஷிஃபான் நல்ல உயரம், கூச்சமான முகம். மவ்லவி குத்பா ஓதி முடித்து இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்தார். ஸமத் நானா ஷிஃபானின் கையைப் பிடித்தார். இடது கையையும் மேலே வைத்து அழுத்திக்கொண்டார்.

"எனது மகள்" என்று மவ்லவி எடுத்துக்கொடுத்தார்.

"எனது மகள்."

மவ்லவி பெயரைச் சொல்லக் குனிந்தார். ஸமத் நானா தலையை அசைத்து, வேண்டாமென்றார். பந்தலில் ஒரு பிள்ளை அழுதது, யாரோ அதை வெளியே தூக்கிப்போனார்கள். எனக்குப் பக்கத்தில் புஹாரி நானாவின் கை சட்டைப் பைக்குள் போயிருந்தது. சேர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"றுஸ்னாவை" என்றார் ஸமத் நானா. எந்தத் தடுமாற்றமும் இல்லை. மழை கழுவின கல் மாதிரி இருந்தது அந்தச் சொல். "எனது மகள் றுஸ்னாவை, பேசின மஹருக்கு, உமக்கு நிக்காஹ் செய்து தந்தேன்."

ஷிஃபான் ஏற்றுக்கொண்டது யாருக்கும் காதில் விழவில்லை. புஹாரி நானா சத்தமாக மூக்கைச் சிந்தினார்.

சாப்பாட்டுக்கு, பல பேர் சுற்றி உட்கார்ந்து உண்ணும் பெரிய தட்டான சஹன் வைத்தார்கள். சேருக்குத் தனித் தட்டுக் கொண்டுவந்தபோது, வேண்டாமென்று எங்களோடு சேர்ந்து ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்தார். பாதி சாப்பாட்டில் ஸமத் நானா கோழிப் பொரியல் தட்டோடு வந்தார். குனிந்து, எங்கள் ஒவ்வொருவர் பக்கத்துக்கும் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தார். "சாப்புடுங்க, சாப்புடுங்க" என்றார். மூன்று பேரின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துச் சிரித்தார். சிறிது நேரம் நின்றார். பிறகு போனார்.

"பாத்தீங்களா சேர்?" என்றார் புஹாரி நானா. "தூக்கிட்டு ஓடினவன் நான். பேரச் செல்லி ஒரு வார்த்த கூப்புட்டாரா? சம்மந்தி வீட்டாளுங்க வந்ததும் நம்ம ஆரோ எவரோ ஆயிட்டோம்."

"விடும், புஹாரி. மனிசன் களைச்சுப்போனார்."

"களச்சாலும் புஹாரின்னு செல்ல எவ்வளவு நேரமாகும்?"

சேர் தன் துண்டை எடுத்து அவர் பக்கம் வைத்தார்.

அடுத்த கிழமை கண்டியில் ஒபரேஷன். கட்டி நினைத்ததைவிடப் பெருத்திருந்ததாம். ஸமத் நானா கண் விழித்தார், எழும்பி உட்கார்ந்தார், கஞ்சி குடித்தார். பேச்சு மட்டும் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு நாங்கள் மூன்று பேரும் அஸர் முடிய அவருடைய கட்டிலருகே போய் உட்காருவோம். புஹாரி நானாவின் கோபம் எல்லாம் போய்விட்டிருந்தது. ஒருநாள் அவர் ஒரு மிளகை எடுத்து ஸமத் நானாவின் கையில் வைத்தார்.

விரல்கள் அதை அறிந்துகொண்டன. உருட்டினார். மூக்கருகே கொண்டுபோனார். கஷ்டப்பட்டு காதருகே உயர்த்தி, தலையைச் சாய்த்தார். தலையாட்டினார். நாங்கள் மூன்று பேரும் முன்னால் சரிந்து உட்கார்ந்தோம், பழக்கதோஷம். அவர் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஜன்னலுக்கு வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துப் பார்த்து, எடுபடாமல் தள்ளிக்கொண்டு போனார்கள். பாங்கு சொன்னது.

"தோத்தோம் நானா" என்று சொல்லிவிட்டு புஹாரி நானா பையிலிருந்து மிளகை எடுத்துக் கடித்தார். எங்களுக்கும் தந்தார்.

மாசி கடைசியில் ஸமத் நானா மௌத்தானார். நல்ல வெயில் நாள். முற்றத்தில் படங்கு விரித்தபடியே கிடந்தது. ஜனாஸாவை எடுக்கும்போது ஆள்கள் மிளகின் மேல் மிதித்துவிடாமல் ஓரமாக ஒதுங்கி நடந்தார்கள். வாங்கை அன்ஸார் உள்ளே எடுத்துப் போட்டுவிட்டார். புஹாரி நானா இப்போது சந்தியில் நிற்கிறார். சேர் வேலை முடிந்ததும் நேரே பஸ் ஏறிவிடுகிறார்.

போன கிழமை றுஸ்னா என் கடைக்கு வந்தார். ஷிஃபான் கத்தாருக்குத் திரும்பிவிட்டார், இவர் உம்மாவோடுதான் இருக்கிறார். வாப்பாவின் மரணச் சான்றிதழைக் கொப்பி எடுக்க வேண்டும் என்றார். மெஷின் சூடாகும்வரை நாங்கள் இரண்டு பேரும் காத்து நின்றோம். என்னிடம் எவரும் அதிகம் பேசுவதில்லை. அவர்தான் தொடங்கினார்.

"அகீல் நானா, புஹாரி மாமா கல்யாணத்தண்டு கோவிச்சிக்கிட்டாராமே? உம்மா சென்னாங்க. அவருக்கிட்ட நீங்களே செல்லிருங்க. நிக்காஹ் முடிஞ்ச கையோட வாப்பா நான் ஈந்த ரூமுக்கு வந்தாங்க. என்னய ஜன்னல் பக்கம் கூட்டிட்டுப் போய் ஒங்கட சஹனக் காட்டினாங்க. 'கம்மிரிஸ் கடிக்கிற மூணு பேர்'னு சென்னாங்க. 'பேரெல்லாம் போச்சி மகள். ஒங்கடது மட்டும்தான் மிச்சம். அவங்க சாப்புட்டாங்களா?' அப்பிடிக் கேட்டுட்டுத்தான், நான் வேணாண்டு செல்லச் செல்ல, வாப்பாவே கோழித் தட்டத் தூக்கிக்கிட்டு ஒங்கக்கிட்ட வந்தாங்க."